பிள்ளைகளின் கொப்பியில் நான் எழுதியது

நான் வலிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். தரம் 6 முதல் 9 வரையான வகுப்புகள்தான் பெரும்பாலும் என் பொறுப்பு. பிள்ளைகள் எழுதிய வகுப்புப் பத்திரிகையை வைத்துக்கொண்டு வெளியூர்ப் பள்ளிக்கூடங்களோடும் வெளிநாடுகளில் இருக்கும் நம்மவர்களோடும் பல வருடங்கள் தொடர்பு வைத்திருந்தேன். அதற்காக என்னைப் பாராட்டினார்கள். மேடையில் ஏற்றிப் பொன்னாடையும் போர்த்தினார்கள். அந்தப் பாராட்டுக்கு நான் உரியவள் அல்லள். பிள்ளைகளின் எழுத்தை அழித்து என் எழுத்தை அவர்கள் பெயரில் வெளியிட்டேன். ஒரு பிள்ளையின் வீட்டுத் துயரத்தை அந்தப் பிள்ளையிடம் கேளாமல் ஊருக்குக் கொடுத்தேன். தாய் வந்து நியாயம் கேட்டபோது பொய் சொன்னேன். இந்த மூன்றையும் ஒளிக்காமல் சொல்லவே எழுதுகிறேன்.

தொடங்கியபோது என் மனதில் கள்ளம் இருக்கவில்லை. எங்கள் பிள்ளைகளில் கனபேர் 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தாய் தகப்பனே முகாமிலும் இரவல் காணியிலும் வளர்ந்தவர்கள். வேறு சிலர் 2009 க்குப் பிறகு வன்னியிலிருந்து தாயின் ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் கூடிய புள்ளி எடுத்தவர்கள் பட்டணத்துப் பெரிய கல்லூரிகளுக்குப் போய்விடுவார்கள். மற்றவர்கள் எங்களிடம் தரம் 6 க்கு வரும்போதே, தாங்கள் கழிக்கப்பட்டவர்கள் என்ற எண்ணத்தோடு வருவார்கள். வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிவார்கள். கட்டுரை எழுதச் சொன்னால் ரியூசனில் பாடமாக்கியதை அப்படியே இறக்கி வைப்பார்கள்.

அவர்களைப் பேச வைக்க வேண்டும் என்றுதான் வகுப்புப் பத்திரிகையைத் தொடங்கினேன். கையெழுத்துப் பத்திரிகையும், பள்ளிக்கூடத்திலிருந்து எழுத்தாளர்கள் எழுவதும் யாழ்ப்பாணத்துக்குப் புதிய சங்கதியில்லை. பாவலர் துரையப்பாபிள்ளை 1910 இல் தொடங்கிய தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் படித்த அ. ந. கந்தசாமியும் அ. செ. முருகானந்தனும் மஹாகவியும் பின்னாளில் ஈழத்து இலக்கியத்தில் எந்த இடத்தில் நின்றார்கள் என்பதை நான் வகுப்பில் பெருமையாகச் சொல்லுவேன். வாரம் முழுவதும் வீட்டிலும் தெருவிலும் கண்டதில் ஒன்றை எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பது மட்டும்தான் நான் வைத்த விதி. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் வாசிப்போம். நல்லதென்று வகுப்பு சொல்வதை, கையெழுத்து வடிவான பிள்ளைகள் டிமை பேப்பரில் எழுதுவார்கள். சந்தியிலுள்ள கடையில் போட்டோக் கொப்பி எடுப்பேன்.

ஒரு கருத்தரங்கில் சந்தித்த ஆசிரியை ஒருவர் ஹற்றன் பக்கத்தில் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தார். எங்கள் பத்திரிகையின் பிரதியை அவருக்குத் தபாலில் அனுப்பினேன். அவருடைய வகுப்பிலிருந்து பதில் வந்தது. லயத்துக் கூரையில் மழை விழும் சத்தத்தையும் கொழுந்துக் கூடையின் பாரத்தையும் காலில் ஏறும் அட்டையையும் பற்றி எழுதியிருந்தார்கள். அட்டையை என் பிள்ளைகளில் ஒருவர்கூடக் கண்டதில்லை. "கடிச்சா நோகுமோ? இரத்தம் எவ்வளவு குடிக்கும்? உப்புப் போட்டா செத்துப்போகுமோ?" என்று ஆளுக்கொரு கேள்வி எழுதினார்கள். அங்கிருந்து, பனையில் ஏறுகிறவர் விழமாட்டாரா, அவருக்குப் பயமில்லையா என்று கேட்டு வந்தது. ஒரு பெடியன் தன் மாமாவிடமிருந்து தளைநாரை வாங்கிக்கொண்டு வந்து, அதை அளந்து, படம் கீறி அனுப்பினான். மலையகத்துப் பிள்ளைகளைத் தங்களுக்குக் கீழாக நினைக்கும் பழக்கம் எங்கள் ஊரில் உண்டு. அந்தப் பழக்கத்தை என் வகுப்பு அந்த மாதங்களில் மறந்திருந்தது. நான் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. அட்டையும் தளைநாரும் அந்த வேலையைச் செய்தன.

இதைக் கெடுத்தது நான்.

பத்திரிகையின் பக்கங்களைப் போனில் படமெடுத்து, பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் சிலருக்கு வைபரில் அனுப்பத் தொடங்கினேன். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று அது சுற்றியது. "எங்கட பிள்ளையள் எவ்வளவு வடிவாத் தமிழ் எழுதுதுகள்" என்று பதில் வந்தது. இரவில் சமையலை முடித்துவிட்டு அந்தப் பதில்களை வாசிப்பேன். திரும்பத் திரும்ப வாசிப்பேன். அடுத்த இதழ் இன்னும் வடிவாக இருக்கவேண்டும் என்ற ஆசை வந்தது. அந்த ஆசையோடு சிவப்புப் பேனையை எடுத்தேன்.

ஒரு பெடியன் தங்கள் கிணற்றைப் பற்றி எழுதியிருந்தான். சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்துவிட்டது என்று ஊரே கலங்கி நின்ற காலம் அது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்கும் மழைநீர்தான் எங்களுக்குக் குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும். அது கெட்டால் போக வேறு இடமில்லை. அவன் எழுதியது இப்படி: "எங்கட கிணத்துத் தண்ணியில ஒயில் மிதக்குது எண்டு அப்பா சொன்னவர். வாளியில அள்ளி நெருப்புக்குச்சி தட்டிப் பாத்தவர். பத்தேல்லை. அம்மம்மா நம்பேல்லை. நாப்பது வருசமாக் குடிச்ச தண்ணி எண்டு சொல்லி ஒரு செம்பு குடிச்சுக் காட்டினவ. நாங்கள் எல்லாரும் அவவைப் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்."

இதைவிட நல்ல கட்டுரை என் ஆசிரியத் தொழிலில் எனக்குக் கிடைத்ததில்லை. நான் அதை என்ன செய்தேன்? முன்னால் ஒரு திருக்குறளை வைத்தேன். நெருப்புக்குச்சியை வெட்டினேன். அம்மம்மாவைப் 'பாட்டி' ஆக்கினேன். பிறகு, பாட்டி அந்தத் தண்ணீரைக் குடிப்பது வாசிப்பவர்களுக்குத் தவறான முன்மாதிரி என்று நினைத்து அவவையும் எடுத்துவிட்டேன். 'நீர்வளம் காப்போம்' என்று தலைப்பிட்டு, 'இயற்கை அன்னை அளித்த அருங்கொடை' என்று தொடங்கி, அவன் பெயரைப் போட்டு வெளியிட்டேன். பாராட்டு வந்தது. அவனிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "நல்லாயிருக்கு ரீச்சர்" என்றான். அதன் பிறகு அவன் கிணற்றைப் பற்றியோ அம்மம்மாவைப் பற்றியோ எழுதவில்லை. 'கல்வியின் பயன்' பற்றி எழுதினான்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. ஆறுமுக நாவலர் 1849 இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்த காலத்திலிருந்து பிழையற்ற வசனநடை எங்கள் ஊரின் பெருமை. அந்தப் பெருமையில் வளர்ந்தவள் நான். ஆனால் அதையே சாட்டாகச் சொல்லித் தப்ப எனக்கு உரிமையில்லை. 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் நடந்த மரபுப் போராட்டத்தை உயர்தர மாணவர்களுக்கு நானே படிப்பித்திருக்கிறேன். சாதாரண சனங்களின் பேச்சில் எழுதப்பட்ட கதைகளை 'இழிசனர் இலக்கியம்' என்று பண்டிதர்கள் தள்ளியதையும், விமர்சகர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும், எழுத்தாளர்களான டானியலும் டொமினிக் ஜீவாவும் அதற்கு எதிராக நின்றதையும் உணர்ச்சியோடு விளக்கியிருக்கிறேன். நான் அவர்கள் பக்கம் என்று மனதார நம்பினேன். அதே கிழமையில் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கொப்பியில் 'பாத்தவர்' என்பதை வெட்டிப் 'பார்வையிட்டார்' என்று எழுதினேன். எழுத்துப்பிழையைத் திருத்துவது ஆசிரியரின் கடமை. அவன் கண்டதை அழிப்பது கடமை அல்ல. இந்த வேறுபாடு எனக்குத் தெரியாமல் போகவில்லை. பாராட்டு வேண்டியிருந்தபடியால் தெரிந்தும் மீறினேன்.

ஹற்றன் ஆசிரியை ஒருநாள் தொலைபேசியில் சொன்னார்: "டீச்சர், உங்க பிள்ளைங்க இப்ப எல்லாரும் ஒரே ஆள் மாதிரி எழுதுறாங்களே." அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அவருடைய பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு என் வகுப்பிலிருந்து பதில் போகவில்லை. கட்டுரைகள்தான் போயின. கொஞ்சக் காலத்தில் அங்கிருந்து கடிதம் வருவது நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று என் பிள்ளைகள் கேட்டார்கள். "அவைக்குப் பரீட்சை" என்றேன்.

இந்த இடத்தில் பிரான்சு நாட்டு ஆசிரியர் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்த காலத்தில் அவரைப் பற்றிப் படித்து ஒப்படை எழுதினேன். நல்ல புள்ளியும் கிடைத்தது. செலஸ்தேன் பிரெனே அவர் பெயர். முதலாம் உலகப்போரில் நுரையீரலில் காயப்பட்டவர். அதனால் வகுப்பில் நெடுநேரம் பேச அவருக்கு மூச்சுப் போதாது. 1920 இல் தென்பிரான்சின் பார்-சூர்-லூப் என்ற மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிள்ளைகள் நத்தைகளைப் பிடித்து ஓட்டப்பந்தயம் விட்டபோது, அந்தப் பந்தயத்தையே கரும்பலகையில் எழுதிப் பாடமாக்கினார். 1924 இல் சிறிய அச்சுப்பொறி ஒன்றை வகுப்புக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். 1926 இல் நாட்டின் மறுகோடியில், பிரெத்தாஞ் கடற்கரையில், ரெனே தானியேல் என்ற ஆசிரியரின் வகுப்போடு அச்சுத்தாள்களும் கடிதங்களும் மாறத் தொடங்கின. மலைப்பிள்ளைகளும் கடற்கரைப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் அறிந்தார்கள்.

பிரெனேயின் வகுப்பிலும் திருத்தம் உண்டு. எந்த எழுத்து அச்சுக்குப் போவதென்று பிள்ளைகள் வாக்களிப்பார்கள். தெரிவானதைக் கரும்பலகையில் எழுதி, எழுதிய பிள்ளையை வைத்துக்கொண்டே எல்லோருமாகத் திருத்துவார்கள். இதை என் ஒப்படையில் விரிவாக எழுதியிருக்கிறேன். என் பிள்ளைகளின் கொப்பிகளை வீட்டுக்குக் கொண்டுபோய், மேசை விளக்கின் கீழ், தனியே இருந்து திருத்தினேன்.

முதலாவது பிழை அது. இரண்டாவது, அதைவிடக் கொடியது.

வெளிநாட்டிலிருந்து வந்த பதில்களில் எதற்கு அதிகம் உருகுகிறார்கள் என்பது எனக்கு விளங்கிவிட்டது. தளைநாருக்கும் ஆட்டுக்குட்டிக்கும் இரண்டு வரி வரும். இழப்பைப் பற்றி ஒரு பிள்ளை எழுதினால் போன் எடுத்து அழுவார்கள். அவர்கள் அழுகையில் பொய்யில்லை, தாங்களும் இழந்தவர்கள். ஆனால் நான் அந்த அழுகைக்கு ஏற்றபடி வகுப்பை நடத்தத் தொடங்கினேன். 'கண்டதை எழுது' என்ற விதியை விட்டுவிட்டுத் தலைப்புக் கொடுத்தேன். 'நான் இழந்தது', 'எங்கள் வீட்டுக் கண்ணீர்', 'வராதவர்'. பிள்ளைகள் கெட்டிக்காரர். ரீச்சருக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவன் செல்லடியில் செத்த தன் தம்பியைப் பற்றி எழுதினான். அந்தக் குடும்பம் எனக்குத் தெரியும். அவனுக்குத் தம்பி இருந்ததில்லை. அதையும் பத்திரிகையில் போட்டேன். பொய் என்று தெரிந்துதான் போட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பிறகு, தொடக்கத்தில் நான் சொன்ன அந்தப் பிள்ளை எழுதியது வந்தது. ஆண்டையும் வகுப்பையும் சொல்லமாட்டேன். தகப்பன் 2009 இல் வன்னியில் காணாமற் போனவர். இனி வரும் வரிகளை, இப்போது வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளையின் சம்மதத்தோடு இங்கே தருகிறேன். அவரே நினைவிலிருந்து எழுதித் தந்தவை. "பள்ளிக்கூடத்தில தாற படிவத்தில தந்தையின் தொழில் எண்டு ஒரு இடம் இருக்கு. அதை வெறுமையா விட அம்மா விடமாட்டா. மேசன் எண்டு எழுது எண்டு சொல்லுவா. வந்தா அப்பா மேசன் வேலைக்குத்தானே போவார் எண்டு சொல்லுவா. நான் ஒவ்வொரு வருசமும் மேசன் எண்டுதான் எழுதுறனான்."

அந்த எழுத்தில் தகப்பனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லை. அதைக் குறையென்று நினைத்தேன். படிவத்தையும் மேசனையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, 'வானமே சொல், கடலே சொல், என் தந்தை எங்கே' என்று நானே எழுதினேன். 'ஏங்கித் தவிக்கும் பிஞ்சு நெஞ்சம்' என்று முடித்தேன். பிள்ளையிடம் கேட்கவில்லை. தாயிடமும் கேட்கவில்லை. அச்சமயம் நான் உளவளத்துணைப் பயிற்சி பெற்ற ஆசிரியை. போர் எங்கள் மனங்களில் செய்ததைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் பல வருடம் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் சிலதை வாசித்திருந்தேன். பிள்ளை நம்பிச் சொன்னதை வெளியே கொண்டுபோகாதே என்பது பயிற்சியில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம்.

அந்தப் பக்கம் வெளிநாடுகளில் பலர் கைக்குப் போனது. ஒரு குழுவினர் சேர்ந்து காசு அனுப்பினார்கள். பிள்ளைக்கு ஒரு சைக்கிள் வாங்கினோம். பள்ளிக்கூடத்தில் சிறு வைபவம் வைத்து, பிள்ளையைச் சைக்கிளின் பிடியைப் பிடிக்கச் சொல்லிப் படமெடுத்தோம். செய்தித்தாளுக்குக் கொடுப்பதற்குக் குறிப்பு எழுதியது நான்தான். 'தந்தையை இழந்த மாணவிக்குத் துவிச்சக்கரவண்டி' என்று எழுதினேன். அப்படியே வெளிவந்தது.

அடுத்த நாள் தாய் வந்தார். கூச்சல் போடவில்லை. பேப்பரை மேசையில் வைத்துவிட்டு, "ரீச்சர், அவர் செத்துப்போனார் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியின் பாரம் வெளியூர் வாசகருக்கு விளங்கவேண்டும். காணாமற் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் வழங்க 2010 இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. உதவிப் பணத்துக்கும் காணி அலுவலுக்கும் அந்தத் துண்டு தேவைப்பட்டது. அப்படியிருந்தும் எத்தனையோ தாய்மாரும் மனைவிமாரும் அதை வாங்க மறுத்தார்கள். கையொப்பம் வைத்தால், தானே அவரைச் சாக்கொடுத்ததாக ஆகிவிடும் என்றார்கள். அந்த மறுப்புக்குப் பிறகுதான், 2016 இல் சட்டத்தைத் திருத்தி, 'காணவில்லை' என்று மட்டும் சான்றுபடுத்தும் பத்திரத்துக்கு வழி வைத்தார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சித் தெருவோரத்தில் குந்திய தாய்மார் கேட்டதும், எங்கள் ஆட்கள் எங்கே என்பதுதான். இந்தத் தாயும் வறுமைக்குள் இருந்துகொண்டு, யார் சொல்லியும் மரணச் சான்றிதழ் எடுக்காதவர். படிவத்தில் 'மேசன்' என்று எழுத வைத்து, வருடாவருடம் தன் கணவனை உயிரோடு வைத்திருந்தவர். நான் 'இழந்த' என்று ஒரு சொல்லை எழுதி, அதை ஊரெல்லாம் வாசிக்கக் கொடுத்துவிட்டேன்.

அவரிடம் நான் சொன்ன பதில் இது: "நான் அப்பிடி எழுதிக் குடுக்கேல்லை அம்மா. பேப்பர்காரர் தாங்களாப் போட்டிட்டினம்."

அவர் என்னை நம்பினார். "நீங்கள் எழுதியிருக்கமாட்டியள் எண்டு தெரியும் ரீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். சைக்கிளைத் திருப்பிக் கொண்டுவந்து அதிபரிடம் விட்டார். பிள்ளை முந்தி மாதிரியே நடந்து பள்ளிக்கூடம் வந்தது. கேட்ட கேள்விக்குப் பாடப்புத்தகத்திலிருந்து விடை எழுதியது. வெள்ளிக்கிழமைகளில் வெறும் பேப்பரைத் தந்தது. ஏன் எழுதவில்லை என்று நானும் கேட்கவில்லை. ஆசிரியர் ஓய்வறையில் மட்டும், "உதவி செய்யப் போய் எனக்கு வந்த வினை" என்று சொன்னேன். மற்ற ஆசிரியர்கள் எனக்காக இரங்கினார்கள். அந்த இரக்கத்தையும் வாங்கிக்கொண்டேன்.

பிரெனேயின் கதையில் நான் ஒப்படையில் எழுதாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. பிறகு அவர் சென்-போல் என்ற ஊருக்கு மாறிப் போனார். அங்கே ஒரு பிள்ளை தன் கனவை எழுதியது. இலவச எழுதுபொருள் தர மறுத்த மேயருக்கு எதிராக வகுப்பே கிளர்ந்தெழுந்ததாகக் கண்ட கனவு. 1932 இன் கடைசியில் அவருடைய எதிரிகள் அந்த எழுத்தை எடுத்து ஊர்ச் சுவர்களில் ஒட்டி, இந்த ஆசிரியர் பிள்ளைகளைக் கெடுக்கிறார் என்று கிளப்பினார்கள். ஒரு வருடத்துக்குள் அவரை அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து அகற்றினார்கள். பிள்ளையைக் காட்டிக்கொடுத்துத் தன் வேலையைக் காப்பாற்ற அவர் பார்க்கவில்லை. 1935 இல் வான்ஸ் என்ற ஊரில் தன் சொந்தப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். பிள்ளையின் எழுத்து வகுப்பை விட்டு வெளியே போனால் அதனால் வரும் அடி யாரோ ஒருவர் மேல் விழும். அவர் அதைத் தன்மேல் ஏற்றுக்கொண்டார். நான் ஒதுங்கி நின்று, ஒரு பிள்ளையின் மேலும் அதன் தாயின் மேலும் விழ விட்டேன்.

பத்திரிகையைச் சத்தமில்லாமல் நிறுத்தினேன். காரணம் கேட்டவர்களுக்கு வேலைப்பளு என்றேன். பல வருடம் போன பிறகு ஒரு புத்தகம் வாசித்தேன். தமிழில் 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?' என்று வந்திருக்கும் புத்தகம், இத்தாலியின் பார்பியானா என்ற மலைக் கிராமத்துப் பிள்ளைகள் 1967 இல் சேர்ந்து எழுதிய நீண்ட கடிதம். ஒரு ஆசிரியைக்கு எழுதியது. நினைத்ததை ஆளுக்காள் துண்டுத்தாளில் எழுதி, ஒன்றாகப் பரப்பி, அடுக்கி, வேண்டாததை வெட்டி, தாங்களே செய்த எழுத்து. அவர்களுடைய ஆசான் லொரென்சோ மிலானி கூட இருந்தார். அவர்களுடைய கோபத்தை மட்டுப்படுத்தவில்லை. அதை வாசித்தபோது, இப்படியொரு கடிதம் எனக்கு வரவேண்டியது என்று நினைத்தேன். வரவில்லை. வராத காரணம், எழுதக்கூடிய பிள்ளையை எழுதாமல் பண்ணியவள் நான்.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியதும், அதே பிழையைத் திரும்பவும் செய்கிறேன் என்பது உறைத்தது. மறுபடியும் அந்த மாணவியின் வீட்டுக் கதை; மறுபடியும் என் பெயர். ஆகவே முதலில் அவரைத் தேடிப் போனேன். இப்போது வளர்ந்து வேலை பார்க்கிறார். பத்திரிகைக் குறிப்பை எழுதியது நான்தான் என்று முதன்முறையாக அவரிடம் சொன்னேன். "தெரியும் ரீச்சர். உங்கட எழுத்து எனக்குத் தெரியாதோ?" என்றார். தெரிந்துகொண்டே அந்த வருடங்கள் என் வகுப்பில் இருந்திருக்கிறார். தாயிடம் சொல்லவில்லையாம். தாய் நம்பிக்கொண்டிருந்த ஆட்களில் ஒருவரையாவது குறைக்க மனம் வரவில்லை என்றார்.

எழுதியதைக் கொடுத்தேன். கொண்டுபோய்த் தாய்க்கும் வாசித்துக் காட்டிவிட்டுத் திருப்பித் தந்தார். சில வரிகளை வெட்டியிருந்தார். வெட்டியவை இதில் இல்லை. என்னவென்று சொல்லவும் மாட்டேன். ஒரு வரியை மட்டும் வெட்டிவிட்டு மேலே தன் கையால் எழுதியிருந்தார். 'அவருக்கு என்மேல் கோபம் இருக்கவில்லை' என்று நான் எழுதியிருந்தேன். அவர் எழுதியது: "கோபம் இருந்தது. இப்பவும் இருக்கு." அந்த வரியை ஒரு எழுத்தும் மாற்றாமல் இங்கே வைக்கிறேன்.

தாயிடம் போய், பொய் சொன்னது நான்தான் என்று நேரில் சொன்னேன். அந்த வீட்டில் நடந்த பேச்சு அவருக்குரியது. அதை எழுதப்போவதில்லை.

வகுப்பில் இப்போது மறுபடி எழுதுகிறார்கள். எழுத்துப்பிழைகளை எழுதிய பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்துகிறேன். பிள்ளை சம்மதித்தால் வசனத்தைத் தொடுவேன், இல்லாவிட்டால் விடுவேன். தலைப்புக் கொடுப்பதில்லை. எழுதியதில் எது வகுப்புக்குள், எது வெளியே, எது ரீச்சருக்கு மட்டும், எது ஒருவருக்கும் இல்லை என்பதைப் பிள்ளைதான் மேல் மூலையில் குறிக்கும். பெரும்பாலானவர்கள் 'வகுப்புக்குள்' என்று குறிக்கிறார்கள். பத்திரிகை மெலிந்துவிட்டது. பாராட்டு வருவதில்லை. அண்மையில் மட்டக்களப்புப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஒரு பிள்ளை, யாழ்ப்பாணத்து ஆடு பனையோலை தின்னுமா என்று கேட்டு எழுதியிருந்தது. வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தது. பதிலை அவர்களே எழுதினார்கள். நான் முத்திரை ஒட்டினேன்.

என்னோடு தொழில் செய்யும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இன்றைக்கு எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. பிள்ளை செருப்பு வாங்குவதையும் கொப்பி வாங்குவதையும் படமெடுத்துப் பேஸ்புக்கில் போடாமல் எங்கள் ஊரில் உதவி நடப்பது குறைவு. கொடுப்பவர்களில் பலர் நல்லவர்கள். படம் வேண்டாம் என்று நாங்கள் சொன்னால் கேட்கக்கூடியவர்கள். நாங்கள்தான் சொல்வதில்லை. பிள்ளையின் வறுமையையும் துயரத்தையும் எழுத்தையும் வெளியாருக்குக் காட்டித் தொடர்பு தேடும்போது, அந்தத் தொடர்பில் பிள்ளைக்கு என்ன பங்கு என்று உங்களை நீங்களே கேளுங்கள். பிறகு பிள்ளையிடம் கேளுங்கள். மற்றப் பிள்ளைகள் முன்னால் கேட்காதீர்கள், தனியே கேளுங்கள். ரீச்சருக்கு மறுப்புச் சொல்ல எங்கள் பிள்ளைகளுக்கு வாய் வராது. ஆகவே யோசிக்க ஒரு நாள் கொடுங்கள். வீட்டிலும் கேட்டுவரச் சொல்லுங்கள். 'வேண்டாம்' என்று வந்தால், ஏன் என்று திருப்பிக் கேட்காதீர்கள்.